வெறுங்கண் சாட்சி

மெய்மானியைச் சோதிப்பதற்கான கேள்விகள் எப்போதும் எளியவையாகவே இருக்கும். ஏரிக்கரை முகாமில் காலைக் கஞ்சி ஆறுவதற்கு முன்பே பதிவாளர் கமலவேணி ஏழு சாட்சிகளின் விரல்களிலும் மெய்மானி மோதிரங்களை மாட்டிவிட்டு, ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“உங்க பேரு?”

“சவரிமுத்து.”

மோதிரத்தின் சிறு விளக்கு பச்சையாக ஒளிர்ந்தது.

“நேத்து குறட்டை விட்டீங்களா?”

“நானா? சேச்சே!”

விளக்கு சிவந்தது. மற்ற ஆறு பேரும் கஞ்சிக் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

“நாப்பது வருசமா எங்க வீட்டுக்காரி நிரூபிக்க முடியாததை இந்தப் பொடி மோதிரம் நிரூபிச்சிட்டுதே” என்றார் சவரிமுத்து. தூத்துக்குடியில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். சாட்சிக் குலுக்கலில் தம் பெயர் விழுந்ததும், கடலையும் கண்டத்தையும் தாண்டி வட துருவத்தின் வாசல்வரை வந்துவிட்டிருந்தார்.

வழிகாட்டி தர்சிகாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவருடைய கண்களைக் கவனித்தாள். உப்பைத் தேடிய அவர் கை இரண்டு முறை டப்பாவுக்கு அருகிலிருந்த வெற்றிடத்தையே தடவியது. அவருடைய இரு விழிகளிலும் மெல்லிய வெண்படலம் படர்ந்திருந்தது. ஏழு பேரும் கண்டாக வேண்டும் என்பது சட்டம். ஆறு போதாது.

அந்தச் சட்டம் பிறந்த கதை யாவரும் அறிந்ததே. எந்தப் படத்தையும் எந்தக் காணொளியையும் எவர் வேண்டுமானாலும் நொடியில் உண்டாக்கிவிடலாம் என்று ஆன பிறகு, நீதிமன்றங்கள் கருவியின் கண்ணை நம்புவதை விட்டுவிட்டன. மிஞ்சியது மனிதனின் வெறுங்கண். ஒரு காப்புநிலம் காப்புநிலமாகவே நீடிக்க வேண்டுமானால், ஆண்டுக்கு ஒருமுறை ஏழு பேர் அங்கே நடந்து சென்று, உயிருள்ள காட்டு விலங்கு ஒன்றையேனும் வெறுங்கண்ணால் காண வேண்டும். கண்டதைப் பதிவாளர் முன் மெய்மானி அணிந்து சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பில் பொய் ஒளிந்துகொள்ளக் கூடும் என்பதால் வழிகாட்டியும் சாட்சிகளும் பதிவாளரும் ஒரே மொழியினராக இருக்க வேண்டும். தொலைநோக்கி கூடாது. விலங்கை நெருங்கக் கூடாது. குரல் எழுப்பி அதைக் கலைத்துவிட்டால் அந்தக் காட்சி செல்லாது. சாட்சி தவறினால் அந்த நிலம் ஒரே மாதத்தில் சுரங்கத்துக்குத் திறந்துவிடப்படும்.

இந்த நிலத்தின் விளிம்பில் இருநூறு பேர் குடியிருந்தார்கள். தெற்கின் நகரங்கள் கோடையில் வாழ முடியாதவையாக ஆன பின்னர் வடக்கே ஏறி வந்தவர்கள். சுரங்கம் திறந்தால் அவர்கள் மறுபடி தெற்கே போக வேண்டியதுதான். தர்சிகாவும் அவள் கணவன் ஆரூரனும் தம் முதல் பிள்ளையை அந்த வெயிலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். இரண்டாமவள் சங்கவிக்கு இப்போது ஆறு வயது. மூச்சிரைப்பு உள்ளவள். தெற்கே போனால் அவள் ஒரு கோடையைத் தாண்ட மாட்டாள் என்று மருத்துவர் ஒளிக்காமலே சொல்லியிருந்தார்.

தர்சிகா கஞ்சிப் பானையைக் கழுவும் சாக்கில் படகுத்துறைக்கு இறங்கினாள். அங்கே ஆரூரன் தன் சப்பாத்துகளைக் கழற்றி, கரையோரக் கல்லொன்றின் மேல் சோடியாக வைத்துக்கொண்டிருந்தான். சாட்சிகளுக்கு அவன் படகோட்டி மட்டுமே.

“இஞ்சாருங்கோ, அந்த ஐயாவுக்குக் கண் சரியில்லை” என்றாள் அவள் தணிந்த குரலில். “கொஞ்சம் கிட்ட வாங்கோ இந்த முறை.”

“கிட்ட வந்தா என்ரை முழங்கால் தெரிஞ்சுபோகும், தர்சி. போன வருசமே ஒரு மனுசி ‘இந்த மான் ஏன் நொண்டுது’ எண்டு கேட்டவ.”

“உங்கடை முழங்கால் வருத்தத்துக்கு நான் என்ன செய்ய? வயசுபோன மான் எண்டு சொல்லிச் சமாளிச்சனான்.”

ஆரூரன் சிரித்தான். படகின் அடிப்பலகையை விலக்கி, அதனடியில் சுருட்டி வைத்திருந்த காரிபூ மானின் தோலை எடுத்தான். கிளைத்த கொம்புகள் இரண்டும் இன்னும் உறுதியாகவே இருந்தன.

இந்த நிலத்தில் உயிருள்ள கடைசிக் காரிபூவை அவர்கள் பார்த்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்கும் ஐந்தாண்டுகள் முன்னரே கரடிகள் மறைந்துவிட்டன. எந்திர விலங்கு எதையும் இங்கே ஓட்ட முடியாது. நிலமெங்கும் நட்டிருந்த செவிக்கோபுரங்கள் ஒரு சிறு மோட்டாரின் முனகலையும் கேட்டுவிடும். ஆனால் தோலுக்குள் நாலு காலில் நடக்கும் ஒரு மனிதனின் மூச்சை அவை கேட்பதில்லை. மெய்மானியோ, சொல்பவர் நம்புகிறாரா என்பதை மட்டுமே அளந்தது. சாட்சிகள் மனமார நம்பினார்கள். ஆகவே எட்டு ஆண்டுகளாக விளக்கு பச்சையாகவே ஒளிர்ந்தது. வழிகாட்டிக்கும் சாட்சி சொல்லும் உரிமை உண்டு. ஆனால் தர்சிகா ஒருமுறைகூட மோதிரத்தைத் தொட்டதில்லை.

“ஊதி எடுத்தனீரே?” என்று கேட்டான் ஆரூரன்.

அவள் இடுப்பில் தொங்கிய சிறு உருளையைத் தட்டிக் காட்டினாள். கரடியை விரட்டும் காற்றூதி. வழிகாட்டி அதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. “எடுத்தனான். ஆரைப் பார்த்து ஊதப்போறன்? உங்களைப் பார்த்தோ?”

“ஊதினா நான் எழும்பி நிண்டிடுவன், கவனம்.” தோலைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் புதர்களுக்குள் நடந்தான். சில அடிகள் போய்த் திரும்பி, குனிந்து, இல்லாத கொம்பை இரண்டு முறை தரையை நோக்கித் தாழ்த்திக் காட்டினான். அவர்களுடைய பழைய சைகை அது: எல்லாம் சரி, அவர்களைக் கூட்டிக்கொண்டு போ.

சாட்சிகளின் நடை இரண்டு மணி நேரம் நீடித்தது. முழங்கால் உயரப் புதர்கள் இலையுதிர் காலத்துக்குச் சிவந்திருந்தன. பாசி படிந்த தரை அடியெடுத்து வைக்குந்தோறும் பஞ்சுபோல் உள்வாங்கியது. பறவை ஒன்றும் கூவவில்லை. சவரிமுத்து தர்சிகாவின் தோற்பையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

“தங்கச்சி, ஒரு உண்மையச் சொல்லட்டா? எனக்குப் பார்வை ஒரு மாதிரிதான். சொன்னா அனுப்ப மாட்டானுவன்னு மறைச்சிட்டேன். சாகறதுக்குள்ள ஒரு காட்டு மிருகத்த நேர்ல பாத்திரணும்னு ஆசை. தப்பா?”

“இல்லை ஐயா” என்றாள் அவள்.

மணல்மேட்டின் உச்சியில் அனைவரையும் படுக்கச் சொன்னாள். கீழே பள்ளத்தாக்கு அகன்று கிடந்தது. அறுநூறு அடிக்கு அப்பால், பெரிய பாறை ஒன்றின் அருகே, பழுப்பு நிறத்தில் அது மேய்ந்துகொண்டிருந்தது. கொம்புகள் ஏறின, இறங்கின.

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எவரோ மெல்ல விசும்பினார்கள். ஒவ்வோர் ஆண்டும் இந்த நேரத்தில் தர்சிகா முகங்களைப் பார்க்க மாட்டாள், பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால்தான் மற்றவர்களுக்கு முன் அவள் அதைக் கண்டாள்.

பாறைக்குப் பின்னே சரிவில் இன்னொரு பழுப்பு அசைந்தது. முதலில் அவள் அதை நிழல் என்றே எண்ணினாள். அது நிமிர்ந்து காற்றை முகர்ந்தது. தோள் எலும்புகள் துருத்தி, தோல் தொங்கி, எலும்பும் தோலுமாக இருந்தது. ஆயினும் ஐயத்துக்கு இடமில்லை. பதினான்கு ஆண்டுகளாக எவரும் காணாத கரடி.

ஆரூரன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அவள் கை ஊதிக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. ஊதினால் அவன் எழுந்து நிற்பான். ஏழு பேரும் பதிவாளரும் இரண்டு காலில் நிற்கும் மானைக் காண்பார்கள். சங்கவியின் மூச்சு அவள் காதுக்குள் இரைந்தது. ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. பிறகு அவள் ஊதியை அழுத்தினாள்.

‘புஸ்’ என்றொரு சிறு காற்று வெளியேறியது. அவ்வளவுதான். கரடியே இல்லாத நிலத்தில் கரடி ஊதிக்கு எவர் காற்று நிரப்புவார்? ஒன்பது ஆண்டுகளாக அவள் நிரப்பவில்லை. இல்லை என்பதை இந்த உலகில் அவளைப்போல் உறுதியாக அறிந்தவர் வேறெவரும் இல்லை.

“என்ன பண்றீங்க?” என்று பதிவாளர் சீறினார். “கலைச்சா செல்லாது, தெரியுமில்ல?”

தர்சிகா கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அந்தக் கணத்தில் கொம்புகள் திரும்பின. ஆரூரன் கரடியைப் பார்த்துவிட்டான். தோலுக்குள் அவன் அசைவற்று நின்றதை அவளால் உணர முடிந்தது. எழுந்து நிற்கலாம்; கையை விரித்துக் கத்தலாம்; மெலிந்த கரடி ஒருவேளை மிரண்டு ஓடலாம். கொம்புகள் மேட்டின் பக்கம் மெல்லத் திரும்பின. தரையை நோக்கித் தாழ்ந்தன. நிமிர்ந்து, மறுபடியும் தாழ்ந்தன.

பிறகு அவன் நாலு காலிலேயே, நொண்டியபடி, பாறையின் மறைவை நோக்கி ஓடினான். எவர் கண்ணும் எட்டாத அந்தப் பின்புறத்துக்கு. கரடி பாய்ந்தது. இரண்டும் பாறைக்குப் பின்னே மறைந்தன.

தர்சிகாவின் வாய் திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து ஒலி ஒன்றும் வரவில்லை. காற்று அவர்கள் பக்கமிருந்து பள்ளத்தாக்கை நோக்கி வீசிக்கொண்டிருந்ததால் அங்கிருந்தும் எந்த ஒலியும் வந்து சேரவில்லை. வெகு நேரம் கழித்துப் பாறைக்கு மேலே கரடியின் தலை எழுந்தது. அதன் மோவாய் கறுத்து நனைந்திருந்தது.

“வேட்டை!” என்று கிசுகிசுத்தார் பதிவாளர். அவர் கண்களில் நீர் ததும்பியது. “வேட்டையாடுற மிருகம், வேட்டையாடப்படுற மிருகம், ரெண்டும் உயிரோட! இருபத்தஞ்சு வருஷக் காப்பு கிடைக்கும்மா இந்த நிலத்துக்கு. இனிமே வருஷா வருஷம் சாட்சியே வேண்டாம்.”

மேட்டின் மறுபக்கத்தில் சாட்சியம் தொடங்கியது. ஆறு பேர் சொன்னார்கள். ஆறு முறை பச்சை.

“பாத்தேம்மா. மான பாத்தேன், கரடியயும் பாத்தேன்” என்றார் சவரிமுத்து. விளக்கு சிவந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஏதோ பழுப்பா ஓடுச்சு. அதுக்கு மேல சத்தியமாத் தெரியல. என்னால எல்லாம் கெட்டுச்சா?”

“கெடாது” என்ற பதிவாளர் அவர் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றித் தர்சிகாவிடம் நீட்டினார். “வழிகாட்டியும் சாட்சிதான். போட்டுக்குங்க.”

மோதிரம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

“உயிருள்ள காட்டு விலங்கை வெறுங்கண்ணால கண்டீங்களா?”

“கண்டனான்.”

“எது?”

“கரடி.”

“எந்த நிலையில?”

தர்சிகா வானத்தைப் பார்த்தாள். மான் என்ற சொல்லை அவள் நாவால் தொட முடியாது. “பசியோடை வந்தது” என்றாள். “இப்ப அதுக்குப் பசியில்லை.”

பச்சை. அவளுடைய வாழ்க்கையில் முதல் பச்சை. எல்லோரும் கைதட்டினார்கள். விதிப்படி மூன்று நாள் எவரும் அந்தப் பள்ளத்தாக்கில் காலடி வைக்கக் கூடாது என்று பதிவாளர் நினைவூட்டினார். மீறினால் ஏழு சாட்சியமும் ரத்தாகும்.

திரும்பும் வழியில் அனைவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். படகுத்துறை வந்ததும் ஒருவர் கல்லின் மேலிருந்த சப்பாத்துகளைச் சுட்டினார்.

“படகுக்காரர் எங்கே? செருப்பில்லாம எங்க போனார்?”

“அவர் முன்னாலை குடியிருப்புக்கு நடந்து போட்டார்” என்றாள் தர்சிகா. “பின்னேரம் வந்திடுவார்.”

சொல்லி முடித்தபோதுதான் விரலில் மோதிரம் இன்னும் இருப்பது அவள் நினைவுக்கு வந்தது. மகிழ்ச்சியில் பதிவாளர் அதைத் திரும்ப வாங்க மறந்திருந்தார். இப்போது அவர் படகின் முனையில் அமர்ந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். தர்சிகா கையை இறுக மூடினாள். விரலிடுக்கு வழியே சிவப்பு கசிந்தது.

அருகில் நின்ற சவரிமுத்து குனிந்து பார்த்தார். உருவங்கள் தெரியாத அந்தக் கண்களுக்கு ஒளி தெரிந்தது. அவர் சிவப்பைப் பார்த்தார். பிறகு கல்லைக் கையால் தடவி, சப்பாத்துகளைத் தொட்டு, அவற்றின் உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். ஈரமில்லை. சூடுமில்லை. தூரத்துப் பள்ளத்தாக்கின் பக்கம் அவர் முகம் திரும்பியது.

“குளிருதா, தங்கச்சி?” என்றார் கடைசியில்.

“ஓம், ஐயா.”

அவர் தம் கம்பளிக் கையுறையைக் கழற்றி, மூடியிருந்த அவள் முட்டியின் மேல் அப்படியே மாட்டிவிட்டார். சிவப்பு மறைந்தது. பிறகு சப்பாத்துகளை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு படகில் அமர்ந்தார்.

தர்சிகா ஆரூரனின் இடத்தில் உட்கார்ந்து அவனுடைய துடுப்பை எடுத்தாள். சங்கவி கரையில் நின்று இரண்டு பேரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள்.