தையல்காரம்மா வீட்டுக் குரல்

பூட்டில் சாவியைத் திருப்பியபோது, உள்ளே சமையலறையில் ஒரு நாற்காலி தரையில் இழுபட்டு நின்றது, உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்துகொள்வதைப்போல. அவள் தனியாகக் குடியிருக்கும் வீடு அது. மூன்றாவது மாடி. தோளால் இடித்தால்தான் திறக்கும் பச்சைக் கதவு.

மேல்வீட்டுச் சத்தம் என்று பத்து நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். மேலே மொட்டைமாடிதான். மனநல ஆய்வாளரான அவளுக்கே பிரமை என்று தெரிந்தால், துறையில் ஒரு வாரத்துக்கு டீயோடு மெல்ல விஷயம் கிடைத்துவிடும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

இன்றைக்குத்தான் அந்தச் சத்தம் எதுவென்று அடையாளம் தெரிந்தது. தன் ஆய்வுக் கட்டுரையில் அவளே எழுதிய சத்தம். அந்தக் கட்டுரைக்காக அவள் ஆறு மாதம் பேட்டி கண்ட ஒரே நபர், தனியாக வாழும் ஒரு தையல்காரம்மா. தினமும் வீடு திரும்பிக் கதவைத் திறந்ததும் உள்ளே நாற்காலி நகருமாம். பிறகு ஒரு குரல், "வந்துட்டியா?" என்று கேட்குமாம்.

"நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லம்மா," என்றிருந்தார் அவர், பேட்டியில். "சொல்லிட்டா அது வெளிய வந்துரும்."

அந்த அம்மா யாரென்று படிப்பவர்களுக்குத் தெரியக்கூடாது. வயது, வேலை, வீடு எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும் என்பது தொழில் விதி. கெடு நெருங்கிய அவசரத்தில், புதிதாக யோசிக்கச் சோம்பல்பட்டு, ஐம்பத்தெட்டு வயதை முப்பத்தொன்பதாக்கினாள். தையலை அலுவலக வேலையாக்கினாள். மூன்றாவது மாடியையும் இடித்துத் திறக்கும் பச்சைக் கதவையும் எழுதினாள். எல்லாம் அவளுடைய சொந்த விவரங்கள். பத்து நாளைக்கு முன்பு கட்டுரையை அச்சுக்கும் அனுப்பிவிட்டாள்.

கதவைத் தள்ளாமல் படியில் உட்கார்ந்து, தையல்காரம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, இப்ப அந்தச் சத்தம் வருதா?"

"பத்து நாளா ஒண்ணுமே இல்லம்மா. நீங்க புண்ணியவதி. ஆனா வீடு வெறிச்சுன்னு இருக்கு. சொன்னா சிரிப்பீங்க."

அவள் சிரிக்கவில்லை. மாற்றுத்துணியையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு ஏதாவது விடுதிக்குப் போய்விடலாம். இரண்டே நிமிடம். என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது.

இடித்தாள். கதவு திறந்தது.

மாலை வெயில் கூடத்தில் பாதிவரை நீண்டு கிடந்தது. காலையில் அவள் கழுவாமல் விட்டுப்போன தேநீர்க் கோப்பை, இப்போதுதான் கழுவியதுபோல் ஈரத்தோடு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வீடெங்கும் தையல் மெஷின் எண்ணெய் வாசனை. அவள் வீட்டில் ஒரு ஊசிகூடக் கிடையாது.

இரண்டு அடி வைத்தாள். மூன்று.

"வந்துட்டியா?"

பயமுறுத்தும் குரலாக இருந்திருந்தால் ஓடியிருப்பாள். காத்திருந்து களைத்த, சாதாரணக் குரல். இந்த வீட்டில் நாலு வருடமாக அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கண் நிறைந்தது.

"வந்துட்டேன்," என்றாள்.

சொல்லிவிட்டாள்.

பின்னால் பச்சைக் கதவு சாத்திக்கொண்டது. சமையலறை வாசல் நிலையின் மேல்கட்டையை விரல்கள் பற்றின. ஆள் உயரத்துக்கும் மேலே. பிறகு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, அது வெளியே வரத் தொடங்கியது. வந்துகொண்டே இருந்தது.