சிவப்புக் காருக்குக் காவல்

ஒரு வாரமாக ஓடாத காரின் முன்பக்கம் சுட்டது.

வசந்தா கவருக்கு மேலேயே மறுபடி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தகரக் கூரையின் சூடு என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் பின்பக்கம் ஜில்லென்று இருந்தது.

ஷெட்டின் சொந்தக்காரர் புருஷோத்தமன் பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்க மாட்டார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இரண்டு சீட். போன மாதம் யாரோ இரண்டு பேர் பழைய காவலாளியின் கழுத்தில் கத்தியை வைத்து ஷட்டரைத் திறக்கச் சொன்னார்களாம். அதற்குப் புருஷோத்தமன் கண்டுபிடித்த வைத்தியம் இது: மதியம் ஒரு மணிக்கு ரெட்டியார்பாளையமே கடைகளைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கப் போகும்போது, காவலுக்கு இருப்பவரை உள்ளே விட்டு வெளியே பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விடுவார். யார் மிரட்டினாலும் உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது அல்லவா. என்ன மூளை!

இப்போது அந்தக் காவல் வேலை வசந்தாவுக்கு. நாலு மணிக்குத் திறப்பார். நாலரைக்குள் வசந்தா நெல்லித்தோப்பு வீட்டில் இருந்தாக வேண்டும். ஒன்றாவது படிக்கும் மகள் இனியாவை ஸ்கூல் ஆட்டோ வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். வீட்டில் வேறு யாரும் கிடையாது.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் கடகடவென்று இரண்டு சுற்றுச் சுற்றி நின்றதும், இதுவரை அதன் இரைச்சலில் அமுங்கிக் கிடந்த சின்னச் சின்னச் சத்தங்கள், தகரம் விரியும் சத்தம், எங்கோ குழாய் சொட்டும் சத்தம், கவரின் துணி உரசும் சத்தம், ஒவ்வொன்றாகக் காதுக்கு வந்தன. காற்றே இல்லை. ஆனால் கவர் லேசாக ஏறி இறங்கியது. பெட்ரோல் வாசனையோடு தேங்காய் எண்ணெய் வாசனையும் வந்தது. அவள் காலையில் தலைக்கு வைத்த அதே எண்ணெய். வாசனை வந்தது காருக்குள்ளிருந்து.

போன் அடித்தது. புருஷோத்தமன். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னம்மா வசந்தா, வண்டிக்குள்ள என்ன பண்ற?"

"சார்?"

"வண்டிக்குள்ள இருக்கற கேமராவுல தெரியுதும்மா. டிரைவர் சீட்டுல உக்காந்திருக்க. சீட்டு அழுக்காயிடும், எறங்கு மொதல்ல."

"நான் வெளிய நிக்கறேன் சார்."

"சிரிக்காத. நான் வெளையாடல."

அவள் சிரிக்கவில்லை.

"சார், உள்ள வேற யாரோ இருக்காங்க. வந்து தொறந்துவுடுங்க சார், உங்கள கும்புடறேன்."

"உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? போன்லயே கதவ தொறக்கறேன், எறங்கு."

காரின் பூட்டு டக்கென்று விடுபட்டது.

ஷட்டரை இரண்டு கையாலும் தட்டினாள். கத்தினாள். தெரு தூங்கிக்கொண்டிருந்தது. காலி சீட்டைக் காட்டினால்தான் அந்த மனுஷர் நம்புவார், வந்து திறப்பார். வேறு வழி இல்லை. கவரைத் தூக்கினாள். கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை. சீட்டில் மட்டும் ஒரு பள்ளம், மெதுவாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

தலையை உள்ளே நீட்டிக் கேமராவுக்குக் கையை ஆட்டினாள். "பாருங்க சார், யாருமே..."

முதுகில் ஒரு கை. பழகியவர் வைப்பது போல.

தள்ளியது.

போன் வெளியே விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ குனிந்து போனை எடுத்தார்கள். அவள் போட்டிருக்கும் அதே நீல யூனிபார்ம். அவளுடைய வளையல்கள்.

"எறங்கிட்டேன் சார்." அவளுடைய குரல்.

"பூட்டிட்டேன். இனிமே உள்ள இருந்துகூட தொறக்க முடியாது," என்றார் புருஷோத்தமன்.

வசந்தா கண்ணாடியைக் குத்தினாள். கேமராவுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய் அலறினாள். "சார்! நான் இங்க இருக்கேன் சார்!"

"ம், இப்பதான் சீட்டு காலியா இருக்கு," என்றது ஸ்பீக்கர். "உனக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்லபோல. வரேன், நீ வீட்டுக்குப் போ."

கவர் கண்ணாடி மேல் இறங்கியது. இருட்டு.

எவ்வளவு நேரம் தட்டினாள், தெரியவில்லை. கை மரத்துவிட்டது. குரல் போய்விட்டது. ஷட்டர் ஏறியது. கவரின் அடியில் கொஞ்சம் வெயில்.

"லேட்டாயிடுச்சு சார். பாப்பா வாசல்லயே உக்காந்திருக்கும்."

"சரி சரி, ஓடு."

ஷட்டர் இறங்கியது. பூட்டு விழுந்தது. வெளியே, அவளுடைய செருப்புச் சத்தம் அவசர அவசரமாக நெல்லித்தோப்புப் பக்கம் ஓடியது.