செய்தவர் பெயர்

இரண்டு அட்டைகளையும் ஒரே நேரத்தில் அவிழ்த்ததுதான் தப்பு.

அந்தச் சின்ன ஜெர்மன் ஊரின் அருங்காட்சியகத்தில் அதற்கென்று ஒரு விதி உண்டு. மேசைமேல் ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். அதன் பெயர் அட்டையைக் கட்டி முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடலாம். அம்மா சில்கே அங்கே வேலை பார்ப்பதால், பத்து வயது ஹென்றிகேக்கு அந்த விதி மனப்பாடம். ஆனாலும் இலையுதிர்கால விடுமுறையின் அந்தக் காலையில், இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மாதிரி அழகாக எழுத அவளுக்கு ஆசை வந்துவிட்டது. நாக்கை உதட்டோரம் நீட்டிக்கொண்டு எழுதி முடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

எதிரே இரண்டு தலைக்கவசங்கள். நூறு வருடங்களுக்கு முந்தைய போரில் சிப்பாய்கள் அணிந்தவை. கறுப்புத் தோல், முன்னால் பித்தளைக் கழுகு, உச்சியில் பித்தளைக் கூர்முனை. இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன.

ஒன்று பேக்கரிக்காரர் ஹெர் லோபிட்ஸ் கொடுத்தது. மற்றது பஸ் ஓட்டும் பெண்மணி ஃபிராவ் ஆரெண்ட் கொடுத்தது. இரண்டும் அவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்கள் அணிந்தவை. லோபிட்ஸின் கொள்ளுத்தாத்தா போரிலிருந்து திரும்பினார். ஆரெண்டின் கொள்ளுத்தாத்தா திரும்பவில்லை. அவருடைய கவசம் மட்டும் வீடு வந்தது.

இதில் எது யாருடையது?

கவசம் கொடுத்த இருவரும் அவற்றைப் பார்க்க மூன்று மணிக்கு வந்துவிடுவார்கள். அடுத்த அறையில் அம்மா ஏணிமேல் நின்று திரை மாட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்றில் ஏதோ ஓர் அட்டையைக் கட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கலாம்.

அட்டையைக் கையில் எடுத்தாள். நூலை முடிச்சுப் போட விரல் வரவில்லை. யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஃபிராவ் ஆரெண்டின் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அவளுக்கு மட்டும் தெரியும்.

அட்டையில் ‘உரியவர்’ என்ற வரிக்குக் கீழே ‘செய்தவர்’ என்று ஒரு வரி காலியாக இருந்தது. கவசத்தின் உள்ளே, செய்த தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். அது வேறு வேறாக இருந்தால் ஒரு வழி பிறக்கலாம். உள்ளே எட்டிப் பார்த்தாள். தேய்ந்த தோல் மட்டும்தான் தெரிந்தது.

சாயங்காலம் விளையாட்டுத் திடலில் சின்னக் கூழாங்கல்லுக்குக்கூட நீள நிழல் விழுவது அவள் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் சைக்கிள் விளக்கைக் கழற்றி வந்தாள். வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காமல், தோலை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள்.

தோலுக்குள்ளிருந்து எழுத்துகள் எழுந்து வந்தன. ஒவ்வொன்றாக, தூக்கம் கலைந்து எழுவதுபோல. வைட்லிங். 1914.

இத்தனை காலமும் இருட்டுக்குள் இது இங்கேயே இருந்திருக்கிறது.

இரண்டாவதிலும் விளக்கைச் சாய்த்தாள். வைட்லிங். 1914.

ஒரே தொழிற்சாலை, ஒரே வருடம். விளக்கை எடுக்கப்போனபோதுதான், உள்ளே வளையமாக ஓடிய தோல் பட்டைக்குப் பின்னால் மெல்லிய நிழல் ஒன்று தெரிந்தது. மடித்த தாள். பெரிதாக இருந்த அவளுடைய சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் அம்மா இப்படித்தான் பஞ்சு வைத்துக் கொடுத்திருந்தாள். இதை அணிந்தவருக்கும் கவசம் பெரிதாக இருந்திருக்கிறது.

தாளின் ஓரத்தில் மை. ஆனால் பழைய காலத்துக் கையெழுத்து. வேலியில் சிக்கிய நூல்போல இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் இந்தக் கட்டடத்தில் ஒரே ஓர் ஆள்தான்.

தாளை அவள் தொடவில்லை. ஏணியின் கீழே போய் நின்றாள்.

“அம்மா, கொஞ்சம் இறங்கி வாயேன். நான் ரெண்டு அட்டையையும் ஒண்ணா அவுத்துட்டேன். எது யாரோடதுன்னு தெரியல.”

அம்மா இறங்கினாள். ஒரு படி, இன்னொரு படி. முகம் இறுகியிருந்தது.

“எத்தன தடவ சொல்லியிருக்கேன், ஹென்றிகே?”

“நிறைய தடவ. ஆனா உள்ள ஒரு தாள் இருக்கும்மா. இழுக்கல, விளக்கு வெச்சுத்தான் பாத்தேன்.”

அம்மா குனிந்து பார்த்தாள். கையுறை மாட்டி, சிறிய இடுக்கியால் தாளை மெல்ல மெல்ல வெளியே எடுத்தாள். மடிப்பைப் பிரித்தபோது அது ஒரு பள்ளிக்கூட நோட்டின் பக்கம். வரிசை வரிசையாக ஒரே எழுத்து. மூன்றாவது வரிசையில் மட்டும் எழுத்து முழுக்கக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திரும்பி நின்றது. அடியில் இருந்த பெயரை அம்மா விரல் படாமல் காட்டிப் படித்தாள். எமில் ஆரெண்ட். முதல் வகுப்பு.

அம்மா அவள் தோளில் கையை வைத்தாள். திட்டு மிச்சம் இருக்கிறதா என்று ஹென்றிகே கேட்கவில்லை.

மூன்று மணிக்கு வந்தவர்களிடம் நடந்ததை ஹென்றிகேயே சொன்னாள். காது சூடாக இருந்தாலும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஹெர் லோபிட்ஸ் தன் பெரிய தலையைத் தடவிக்கொண்டார்.

“எங்க வீட்டுத் தலைக்குத் தாளெல்லாம் எதுக்கும்மா? நாங்க தொப்பிய வெட்டி வுட்டுத்தான் மாட்டணும்.”

ஃபிராவ் ஆரெண்ட் தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எமில், போருக்குப் போனவரின் மகன், அவருடைய தாத்தா. வெகுநேரம் பார்த்தவர் திடீரென்று சிரித்தார்.

“என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு தாத்தா திட்டிக்கிட்டே இருப்பாரு. இவரு எழுதினத நீயே பாரேன்.”

பிறகு சிரிப்பு நின்றது. தாளை எப்படி வைத்தாலும் அது மேசையில் படியவில்லை. ஒரு தலையின் வளைவிலேயே வளைந்து நின்றது. நால்வரும் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறையில் யாரோ ஐந்தாவது ஆள் இருப்பதுபோல இருந்தது.

“அட்டைய நீதான் எழுதணும்” என்றார் ஃபிராவ் ஆரெண்ட்.

ஹென்றிகே மேசைமேல் ஒரு கவசத்தை மட்டும் வைத்தாள். காலியாக இருந்த வரியை நிதானமாக நிரப்பினாள்.

செய்தவர்: வைட்லிங் தொழிற்சாலை.

கொஞ்சம் யோசித்துவிட்டு, அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்.

அளவு சரிசெய்தவர்: எமில், முதல் வகுப்பு.