கோடுகள் சொன்னதும் அவள் சொல்லாததும்

"எண்ணெய் தடவிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. ஒயர் எப்படி சார் ஒட்டும்?"

முதல் பேச்சே சண்டை. மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கோடுகளாக எடுக்கும் அறை அது. வலிப்பு வரும் பிள்ளைகளின் தலையில் ஒயர் ஒட்டுவது அவள் வேலை. வந்தவன் வெல்டர். கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அக்கா மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். தகப்பன் விட்டுவிட்டுப் போனதால் எல்லாவற்றுக்கும் தாய்மாமன்தான்.

"போட்டோ எடுப்பாங்கன்னு நினைச்சேன். அழகா சீவிக் கூட்டிட்டு வந்தேன்."

"மண்டைக்குள்ள எடுக்கிறது சார். சீவினது தெரியாது."

சிரிக்காமல்தான் சொன்னாள். கண் சிரித்தது... வெல்டிங் நெருப்பைக் கண்ணாடி போட்டுப் பார்த்துப் பழகியவன், இதைக் கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டான். அவ்வளவுதான், ஆள் காலி.

வாலுவைக் குழாயடியில் குனியவைத்து அவளே தலையை அலசினாள். வெளியே மழை. ஒயர்களோடு பிள்ளை தூங்கியது. திரையில் கோடுகள் ஓடின. பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருமுறை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்... சட்டென்று தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"என்னங்க தெரியுது?"

"டாக்டர் சொல்லுவார். நாங்க சொல்லக் கூடாது."

வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டான் மடையன். ஆம்பளைக்கு இந்த விஷயத்தில் மட்டும் கணக்கு எப்போதும் தனக்குச் சாதகமாகவே வரும். அந்தக் கண்ணையே நினைத்துக்கொண்டு பற்றவைத்ததில் ஒரு கேட் கோணலாகப் போனது.

பிறகு டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். கைக்குழந்தையிலேயே ஆரம்பித்த வலிப்பு, அடிக்கடி வருவது, இந்தக் கோடுகள்... எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மருந்துக்கு அடங்காத வகையாகத் தெரிகிறது. இரண்டு மருந்து முறையாகக் கொடுத்துப் பார்ப்போம். அடங்காவிட்டால் காலம் கடத்தாமல், ஆபரேஷன் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். கணிப்பு தப்பாகவும் போகலாம்.

தப்பாகவும் போகலாமாம். அப்புறம் எதற்கு வாயைத் திறக்கிறார்கள்?

நேரே அவள் அறைக்குப் போனான்.

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

அவள் கையிலிருந்த ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"நான் ஒரு கிறுக்கன். என்னைப் பாத்துத்தான் தலை குனிஞ்சீங்கன்னு... விடுங்க. மாத்திரையை இன்னும் பிரிக்கவே இல்ல, அதுக்குள்ள முத்திரை குத்திட்டீங்க. எங்க பிள்ளைய நாங்க பாத்துக்கறோம்."

வேறு டாக்டரிடம் காட்டினான். முதல் மருந்தில் சில வாரம் அமைதி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். மறுபடி வந்தது. இரண்டாவது மருந்தில் வாலு சோற்றுத் தட்டின் மேலேயே தூங்கி விழுந்தாள். வலிப்பு மட்டும் தூங்கவில்லை.

இங்கே ஒயர் ஒட்டும் அறையில் இவள், கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தாள்... வேறு யாரோ பிள்ளை. வேறு யாரோ மாமன். திட்டிவிட்டுப் போனவனுக்காக ஒருத்தி ஏங்குவாளா? ஏங்கினாள். டாக்டரின் கணிப்பு பொய்யாகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பொய்யானால் அவன் திரும்பி வர மாட்டான் என்பதும் தெரியும். விரோதிக்கும் வரக் கூடாத ஏக்கம் அது.

வீறாப்பை விழுங்கிக்கொண்டு பழைய டாக்டரிடமே வந்தான். ஆபரேஷன் செய்யலாமா என்று பார்த்த அத்தனை பரிசோதனையிலும் ஒயர் ஒட்டியது அவள்தான். வேலைப் பேச்சைத் தவிர ஒரு சொல் இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டே இரண்டு பேரும் தூரத்தில் இருந்தார்கள்...

ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்று, தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு உங்களைத் திட்டியிருக்கக் கூடாது" என்றான்.

"திட்டினது பரவாயில்ல. அப்புறம் வரவே இல்லையே... அதுதான்."

மழை பலத்தது.

"அன்னைக்கு நான் குனிஞ்சது பயத்துல. உங்க முகத்தைப் பாத்தா சொல்லிடுவேன்னு." மழைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது மட்டும் இல்ல..."

அவன் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, "ஆபரேஷன்ல சரியாயிடுமா?" என்றான்.

"தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஆபரேஷன் அன்னைக்கு லீவு போட்டிருக்கேன். உங்ககூட வெளியில உக்காந்திருப்பேன்."

"அக்காவும் இருப்பா. நீங்க யாருன்னு கேட்பாளே."

"வாலுவுக்கு அத்தைன்னு சொல்லுங்க."

தாய்மாமனுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியபோது பக்கத்தில் மழைதான் இருந்தது. அவள் அடுத்த பிள்ளைக்கு ஒயர் ஒட்ட உள்ளே போயிருந்தாள்...