கொறிப்பு சாரின் கீபோர்டு

அறைக்குள் நுழைந்ததுமே வாடை மூக்கில் ஏறியது. காய்ந்த எச்சில் வாடை. துவைக்காத தலையணையில் வருமே, அது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, தரையைத் துடைத்திருந்தார்கள், ஜன்னல் வழியே நல்ல வெயில் வேறு. வாடை மட்டும் எனக்கென்று ஒதுக்கிய மேஜையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மழை அளவை வைத்துக் கணக்குப் போட்டு, எங்கே வெள்ளம் வரும் என்று சொல்கிற அலுவலகம் அது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே பெரிய கம்ப்யூட்டர், சர்வர் என்பார்கள். மவுஸுக்கு அங்கே வேலையே கிடையாது. கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்துத்தான் எதையும் வாங்க வேண்டும். எனக்கு அதில் அ, ஆ கூடத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கணக்கை நானே ஓட்டிக் காட்டினால்தான் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நானும் மகளும் அண்ணன் வீட்டு ஹாலில் அண்ணியின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அண்ணிக்கும் அலுத்துப் போனால், யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்று கிளம்பி வந்தேனோ, அந்தப் புருஷனிடமே திரும்பிப் போக வேண்டும்.

கீபோர்டில் விரலை வைத்தேன். ஒட்டியது.

கவிழ்த்துத் தட்டினேன். பொலபொலவென்று கொட்டியதைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கடித்துத் துப்பிய நகத்துண்டுகள். மஞ்சளாய், தடித்து, பிறை பிறையாய்.

"சீ! யாருதுப்பா இது?"

சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் என்னைவிடச் சின்னவன். ஆபீஸில் எல்லோருக்கும் அவன் 'சிஸ்டம் தம்பி'. எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"கொறிப்பு சாரோடதுக்கா. எந்நேரமும் நகத்தக் கடிச்சுத் துப்பிட்டே வேலை செய்வாரு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதே சீட்டுல சாஞ்சிட்டாரு. திங்கக்கிழமைதான் பாத்தோம். மூஞ்சி இந்தக் கீபோர்டு மேல..."

கையிலிருந்த கீபோர்டை மேஜையில் போட்டேன்.

"நாற்காலிய மாத்திட்டோம்கா" என்றான், பெரிய உபகாரம் செய்தவன்போல.

புதுக் கீபோர்டு கேட்டால் ஆர்டர் போட்டிருக்கிறது என்றார்கள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தேன். மறுநாள் காலையில் அந்த இடுக்குகளில் மறுபடியும் நகம்.

இந்த முறை ஈரமாக.

எவனோ வேண்டுமென்றே செய்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைக் கற்றேன். எல்.எஸ். என்று அடித்தால் டைரக்டரி என்கிற கோப்புப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும். சி.டி. என்றால் இன்னொரு டைரக்டரிக்குள் போகலாம். ஹூ என்று அடித்தால், இப்போது யார் யார் எந்த மேஜையிலிருந்து சர்வருக்குள் இருக்கிறார்கள் என்று சொல்லும். ஆளுக்கொரு டைரக்டரி, அடுத்தவன் நுழைய முடியாதபடி பூட்டியிருக்கும். அந்தப் பூட்டு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கணக்கு பாதியில் நின்றது. அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. தம்பிக்குப் போன் போட்டேன்.

"உங்க டைரக்டரிய எல்லாருக்கும் தொறந்து விட்டுடுங்கக்கா. ஏழு ஏழு ஏழு போட்டா யாரு வேணாலும் வரலாம், எழுதலாம். சாப்டுட்டு வந்து சரியாப் பாக்கறேன். முடிஞ்சதும் மூடிடுங்க, மறந்துடாதீங்க."

போட்டேன். கணக்கு நகர்ந்தது. அப்பாடா என்று கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது கணக்கு பறந்துகொண்டிருந்தது. நான் எழுதாத வரிகள். எனக்குத் தெரியாத கமாண்டுகள். மணிக்கணக்கில் ஓட வேண்டியது, கண்ணெதிரே முடிந்துகொண்டிருந்தது.

வாடை அடர்ந்தது.

ஹூ என்று அடித்தேன். நான் இருந்தேன். தம்பி இருந்தான். மூன்றாவதாக ஒரு பெயர்.

அந்தப் பெயர்க்காரர் இருக்கும் இடம், என் மேஜை.

காதருகே ஒரு சத்தம். பல்லில் நகம் உடைகிற சத்தம். க்ரிச். பிறகு, தூ.

திரையில் எச்சில் ஒரு கோடாக வழிந்தது.

ஓடிப் போய்த் தம்பியை இழுத்து வந்தேன். அந்தப் பெயரைப் பார்த்ததும் அவன் திரைக்குக் கிட்டக் குனிந்தான்.

"அக்கா... இது கொறிப்பு சாரோட அக்கவுண்ட். நானே அழிச்சேனே."

"மூடுப்பா. என் டைரக்டரிய மொதல்ல மூடு!"

அவன் அடித்தான். அனுமதி இல்லை என்றது. சர்வருக்கே அதிகாரி அவன். அவனுக்கே அனுமதி இல்லை. டைரக்டரி யாருடையது என்று பார்த்தோம். என் பெயர் இருந்த இடத்தில் கொறிப்பு சாரின் பெயர்.

உள்ளே வந்தவன் பூட்டிக்கொண்டுவிட்டான்.

அப்போதுதான் எங்கள் ஆபீஸுக்கே தலைவியான டைரக்டரம்மா சிரித்த முகத்தோடு வந்தார். கணக்கின் முடிவு அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "பிரமாதம்மா! நம்ம பழைய சார் போட்ட மாதிரியே இருக்கு. திங்கக்கிழமை ஆர்டர் வாங்கிக்கோ. இதே சீட்டுதான் உனக்கு."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணியின் பெருமூச்சு நினைவுக்கு வந்தது. அதற்கும் பின்னால் நான் விட்டு வந்த புருஷனின் முகம் நினைவுக்கு வந்தது. நன்றி என்றேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் தோல் உரியுமளவுக்குக் கையைத் தேய்த்துக் கழுவினேன். மகள் மடியில் ஏறி உட்கார்ந்தாள். "அம்மாவுக்கு வேல கெடச்சிடுச்சுடி. நமக்குன்னு தனி வீடு பாத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா நகத்தக் கடிக்கிற?"

விரல் வாயில் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. பதறி எடுத்துப் பார்த்தேன். பத்து நகமும் முழுசாக, நான் வெட்டிவிட்ட அளவிலேயே இருந்தன.

நிம்மதியாக எச்சிலை விழுங்கப் போனேன். பல்லிடுக்கில் ஏதோ குத்தியது.

நாக்கால் நெம்பி உள்ளங்கையில் துப்பினேன்.

மஞ்சளாய், தடித்து, ஒரு பிறை.