கீழே போன வாசல்

யாரோ கதவைத் தட்டினார்கள். கஸ்மிரா முதுகை வளைத்து, தவழாத குறையாய்க் குனிந்து திறந்தாள். ஒருவரும் இல்லை. பகல் நேரக் கடலேற்றத்தில் ஊருக்குள் வந்த நீர் பாதையை மூடி, சேறும் செத்த பால்கெண்டையும் கலந்த வாடையோடு வெயிலில் அசையாமல் கிடந்தது.

வூலான் ஆறு கடலில் சேரும் அந்த ஊரில், மீன்குட்டைகளோடு பூமியும் வருஷா வருஷம் உள்வாங்கிக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக்கே மூன்று தடவை மண் கொட்டித் தரையை உயர்த்தியாயிற்று. கூரையை உயர்த்தத்தான் முடியவில்லை.

மறுபடியும் தட்டல். மூன்று, பிறகு ஒன்று. அவள் புருஷன் சர்பான் தட்டுகிற விதம்.

ஆனால் சத்தம் அவள் பாதத்துக்கு அடியிலிருந்து வந்தது. பழைய வாசல் புதைந்து கிடக்கும் ஆழத்திலிருந்து.

விடியற்காலையில்தான் சர்பான் குட்டைக்கரையை அடைக்கப் போயிருந்தான்.

“இன்னைக்கு மட்டும் கரை தாங்கட்டும் கஸ்மி. நாளைக்கே உங்கக்கா ஊருக்குக் கெளம்பிடலாம்.”

“நாலு வருஷமா இதே நாளைக்குத்தான்.”

சிரித்துக்கொண்டே உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டு போனான்.

படகு ஒன்று வந்து சுவரில் மோதியது. பக்கத்துக் குட்டைக்காரன் தஸ்ரிப். உடம்பெல்லாம் சேறு.

“அண்ணி… கரை அப்படியே உள்ள எறங்கிருச்சு. அண்ணன் அது மேலதான் நின்னாரு. மதகுகிட்ட எடுத்தோம். மூச்சு இல்ல. பள்ளிவாசல்ல கெடத்திருக்கோம். ஏறுங்க.”

“சத்தம் போடாத. கேளு.”

மூன்று. ஒன்று.

“கஸ்மி, கதவத் தொற. குளுருது.”

தஸ்ரிப் துடுப்பை ஊன்றிப் பின்னால் விலகினான். “அது அண்ணன் இல்ல அண்ணி! இந்தக் கையால அவரத் தூக்கிட்டு வந்தேன்!”

அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தே கடப்பாரையை எடுத்தாள். தரைச் சிமெண்ட் பெயர்ந்தது. அடியில் மண் இல்லை. மூன்று தடவை கொட்டியதில் ஒரு பிடிகூட இல்லை. கறுத்த தண்ணீர் மட்டும்.

தோள்வரை கையை விட்டாள்.

விரல்கள் பற்றிக்கொண்டன. கட்டைவிரலில் வலை அறுத்த தழும்பு. அவன் கைதான்.

இழுத்தாள். அழுதபடி இழுத்தாள். கை மேலே வருவது போலிருந்தது.

வரவில்லை. தரைதான் இறங்கிக்கொண்டிருந்தது.

தஸ்ரிப்பின் அலறல் இப்போது தலைக்கு மேலே கேட்டது. ஜன்னல் முழுக்கத் தண்ணீர். பிடி தளரவில்லை. ஓட்டையின் விளிம்பிலிருந்து இன்னொரு கை எழுந்து அவள் கணுக்காலைத் தடவிப் பிடித்தது.

பிறகு இன்னொன்று.

பிறகு இன்னொன்று.