கிணற்றடிக்கு வந்த கூட்டம்

திருத்தணி மலைக்கு மேற்கே இருந்த நெசவாளர் தெருவில் அந்தக் கோடையில் எல்லாருமே களைத்திருந்தார்கள். ஊர்க் கிணற்றில் சாயங்காலம்தான் கொஞ்சம் தண்ணீர் ஊறும். பள்ளி விட்டதும் தமயந்தி அம்மாவோடு போய் வரிசையில் நிற்பாள். தங்கள் குடத்தை வீட்டில் இறக்கிவிட்டு, கடைசி வீட்டு வள்ளிநாயகி அக்காவுக்காக மறுபடி ஒரு நடை போவாள். இடுப்பில் அடிபட்டதிலிருந்து அக்காவால் பாதித் தெருவுக்கு மேல் நடக்க முடியாது.

ஒருநாள், வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து மணவாளன் என்பவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். புது அடிபம்பை எங்கே போடுவது, ஏரியை என்ன செய்வது என்று ஊராரைக் கேட்டுத் திட்டம் போட வேண்டும். தண்டோரா போட்டும் ஒருவரும் வரவில்லை. கிணற்றுக்குப் போகும் வழியில் தமயந்தி எட்டிப் பார்த்தபோது, அவர் வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் யாருக்கும் அக்கறையில்லை போலிருக்கிறது என்றார் அவர், கொட்டாவி விட்டபடி.

தமயந்திக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"எல்லாரும் கிணத்தாண்ட நின்னுகினு இருக்காங்க சார். வரிசைய வுட்டுட்டு வந்தா தண்ணி கெடைக்காது. நீங்க அங்க வந்து கேளுங்க."

மணவாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் பெருமூச்சு விட்டு எழுந்து, அவள் பின்னால் நடந்தார்.

கிணற்றடியில் யாரும் அவரை ஆவலோடு வரவேற்கவில்லை. போன வருடமும் ஒருத்தர் வந்து கேட்டுவிட்டுப் போனார் என்றாள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி. மணவாளன் கல்லில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தார். பம்பு எங்கே வேண்டும் என்று கேட்டதும் அத்தனை பேருக்கும் தூக்கம் கலைந்தது. ஒவ்வொருவரும் தன் வீட்டு வாசலைச் சொன்னார். தமயந்தியின் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள்.

சத்தத்தில் தமயந்திக்குத் தலை வலித்தது.

"வள்ளிநாயகி அக்கா எவ்ளோ தூரம் நடப்பாங்களோ, அங்க வெச்சா என்னா?" என்றாள். "அவங்களே நடக்கற தூரம்னா, நம்ம எல்லாராலயும் நடக்க முடியும்."

எல்லாரும் கடைசி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பாஞ்சாலி தலையாட்டினாள்.

"ஆங், அதான் சரி. ஆனா ஏரிக் கால்வாய தூர் வாராம பம்பு மட்டும் போட்டா, அதுவும் காஞ்சிடுங்க. அதையும் சேத்து எழுதிக்குங்க."

எந்த இடத்தில் கால்வாய் தூர்ந்திருக்கிறது என்று மணவாளன் கேட்டார். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி திருத்த, அவர் எழுதி எழுதி அடித்தார். பேருந்து போயே விட்டது. தமயந்தியின் அம்மா அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள்.

வேலை சீக்கிரம் நடக்கவில்லை. எத்தனையோ பேர் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். தமயந்திக்கு நம்பிக்கையே போய்விட்டது. மழைக்கு முன்னால் ஒருவழியாகக் கால்வாயைத் தூர் வார ஆள் கேட்டபோது, தறியை நிறுத்திவிட்டு அவள் நைனாவும் மண்வெட்டியோடு போனார். அடுத்த கோடையில், தெருவின் நடுவே வேப்பமரத்தடியில் பம்பு நின்றது.

முதல் நாள் சாயங்காலம் வள்ளிநாயகி அக்கா கோலை ஊன்றி மெதுவாக நடந்து வந்தாள். தமயந்தி பம்பின் கைப்பிடியைப் பிடிக்கப் போனாள்.

"வுடு. இன்னிக்கு உன் கொடத்த நான் ரொப்பறன். நீ உக்காரு."

தமயந்தி மரத்தில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.